பதினோராவது விளக்கு

அத்தியாயம் 4

ஆளில்லாத சமையலறையில் டீக் கெட்டில் தானாக எரிய ஆரம்பித்தபோது மணி நாலரை.

‘டிக்’ என்று ஒரு சத்தம். அதன் அடியில் சின்னதாய் ஒரு நீல வெளிச்சம். கூடத்தில் நின்றிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் பல் டாக்டர், காணாமல் போனவரின் மகள்.

உள்ளே ஈ காக்கை இல்லை. கெட்டில் மட்டும் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. முப்பது விநாடி போயிருக்கும். மறுபடி ‘டிக்’. வெளிச்சம் அணைந்தது.

ரேடியோ அவள் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றான். நாற்பது வயது ஆள். காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிற எக்ஸ்சேஞ்ச் அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வாய் ஓயாது என்பதால் வந்த பேர் ரேடியோ. அவன் அம்மா வைத்த பேர் அக்காவுக்கே மறந்துபோயிருந்தது.

"நல்ல வீடுங்க," என்றான். "பேய்கூட மணி பாத்துத்தான் டீ போடுது."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. சும்மா வாய் போனது.

மத்தியானத்திலிருந்து அலைந்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி ஒன்று விடவில்லை, பஸ் நிலையம் பார்த்தாகிவிட்டது, போலீஸில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எழுபத்தோரு வயசு மனிதர், என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறவர், இந்த ஒண்ணாம் மாடி வீட்டிலிருந்து காற்றில் கரைந்த மாதிரி மறைந்துவிட்டார். போன் மேஜையில் கிடக்கிறது. செருப்பு இல்லை. இருபது வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிற உடம்பு. காலை ஏழுக்கு ஒன்று, சாயங்காலம் ஏழுக்கு ஒன்று. மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மனிதர் எங்கேயோ இருக்கிறார்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா மெதுவாக உள்ளே வந்தாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். முகத்தைப் பார்க்காமலே, மூச்சை வைத்தே, மறுமுனையில் இருக்கிறவன் பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவாள். கெட்டிலைத் தூக்கினாள். ஆட்டினாள். கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"டாக்டர், உங்கப்பா இன்னிக்குக் காலைல டீ போட்டாருன்னு சொன்னீங்களே?"

"ஆமா மேடம். ஆறு பத்துக்கு. கிளினிக் போறதுக்கு முன்னாடி நானே போன்ல பாத்தேன். கெட்டில் ஆன். அப்புறம் ஆறரைக்கு ஹால் திரை திறந்துச்சு. ஏழரைக்கு டிவி. எல்லாம் வழக்கம்போல."

"பாத்தீங்க. ஆனா அவர்கிட்ட பேசல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பேசி ரெண்டு வாரம் ஆச்சு."

"ஏன்?"

"ஒருநாள் ஆறு பத்துக்குக் கெட்டில் எரியல. ஆறே கால் ஆச்சு, இருபது ஆச்சு. எனக்குக் கை கால் ஓடல. வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி, மேல போய்க் கதவைத் தட்டச் சொன்னேன். இவர் சும்மா தூங்கிட்டிருந்திருக்காரு. கோவமா எனக்குப் போன் பண்ணாரு. ‘நான் தூங்கறதுக்குக்கூட உன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா? அதான் பாத்துட்டே இருக்கியே, இனிமே கூப்பிடாதே’ன்னு போனை வெச்சுட்டாரு. நானும் கூப்பிடல. ஆனா மறுநாளிலேர்ந்து கெட்டில் சரியா ஆறு பத்துக்கு எரிஞ்சுது. கோவம் இருந்தாலும் ‘எழுந்துட்டேன்’னு சொல்றாருன்னு நெனச்சேன். ரயில் ஓட்டினவர், டைம்னா டைம்."

"தினமும் ஆறு பத்தா?"

"தினமும். விநாடி பிசகாது."

அக்கா கெட்டிலைத் திரும்ப வைத்தாள். "இப்ப நாலரைக்கும் விநாடி பிசகலையே. இதுக்குத் தண்ணியும் வேணாம், உங்கப்பாவும் வேணாம். மணியாச்சுன்னா எரியணும்னு அவரே போன்ல சொல்லி வெச்சிருக்காரு. திரை, விளக்கு, டிவி எல்லாமே அப்படித்தான். உங்களை நிம்மதியா விடறதுக்கு ஒரு வீட்டையே நடிக்க விட்டுட்டாரு மனுஷன்."

பல் டாக்டர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். படித்த பெண். கணக்கு அவளுக்கே வந்துவிட்டது.

"அப்படீன்னா... காலைல அவர் வீட்லயே இல்லையா?"

"தெரியாது. எப்போலேர்ந்து இல்லன்னே நமக்குத் தெரியாது," என்றாள் அக்கா.

இத்தனை நேரமும் மனிதர் காலையிலிருந்துதான் காணோம் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். இப்போது காலடியில் இருந்த தரையை யாரோ உருவின மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, இந்த வீட்ல பொய் சொல்லாதது ஏதாவது ஒண்ணு இருக்கா?" என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். "நல்ல கேள்வி. ஆறு வருஷத்துல முத தடவையா கேட்டிருக்கே."

சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, ஜன்னல், சுவிட்ச். எல்லா சுவிட்சின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, ‘அணைக்காதே’ என்று பேனாவால் எழுதியிருந்தது. ரேடியோ அதன் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதீங்க!" என்றாள் பல் டாக்டர். "விளக்கைப் போன்லதான் அணைக்கணும். சுவிட்சை அணைச்சா பல்புக்குக் கரண்ட் போயிடும், உடனே ‘பல்பைக் காணோம்’னு எனக்கு மெசேஜ் வந்துரும். அப்பா பழக்க தோஷத்துல அணைச்சுட்டே இருப்பாரு, நான் போன் பண்ணித் திட்டிட்டே இருப்பேன். அதான் டேப்."

"அப்ப சுவிட்சுக்கும் வாய்ப்பூட்டு," என்று கையை எடுத்துக்கொண்டான் ரேடியோ.

அக்கா ஃப்ரிட்ஜ் கதவின் ஓரத்தில் விரலை வைத்தாள். தீப்பெட்டி அளவில் வெள்ளையாய் ஒரு வில்லை ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"கதவு திறந்தே கிடந்தா எனக்கு மெசேஜ் வரும். உள்ள இன்சுலின் இருக்கே, கெட்டுடக் கூடாதுன்னு மாட்டினேன்."

"எப்பத் திறந்தாங்கன்னு எழுதி வெச்சிருக்குமா?"

"இருக்கும். நான் பாத்ததில்ல."

"பாருங்க. தானா எரியற விளக்கு உண்டு, தானா விலகற திரை உண்டு. தானா திறக்கற ஃப்ரிட்ஜ் இந்த வீட்ல இல்ல. அது ஒண்ணுக்குத்தான் கை வேணும்."

பல் டாக்டர் போனில் அந்தப் பதிவை எடுத்தாள். ரேடியோ எட்டிப் பார்த்தான். காலை ஏழு, சாயங்காலம் ஏழு, காலை ஏழு, சாயங்காலம் ஏழு என்று மணி அடித்தாற்போல் ஒரு வரிசை, நடுவே சாப்பாட்டுக்கென்று இன்னும் சில. கடைசி வரியில் வந்து அது நின்றிருந்தது.

"நேத்துக் காலைல ஏழு மூணு," என்றாள் பல் டாக்டர். "அதுக்கப்புறம்... இல்ல. நான் வந்து திறக்கற வரைக்கும் இல்லவே இல்ல."

"நேத்து சாயங்கால ஊசி இல்ல. இன்னிக்குக் காலை ஊசி இல்ல."

"திறந்தே கிடந்தா சொல்லுன்னு சொன்னேன் மேடம்." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "திறக்கவே இல்லன்னா சொல்லுன்னு சொல்லலையே நான்! ஒரு வேளை தவறினாலே அவருக்கு நாக்கு உலர்ந்துபோகும். ரெண்டு வேளைன்னா... இன்னும் ரெண்டரை மணி நேரத்துல மூணாவது வேளை. அதுவும் போச்சுன்னா நான் ஆளைத் தேட வேண்டியதில்ல மேடம்."

வாசலில் ஒரு செருமல். வாட்ச்மேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு எத்தனை நேரமாக நின்றிருந்தானோ.

"டாக்டரம்மா, சாரு வெளிய போகல. நேத்தும் போகல, இன்னிக்கும் போகல. கேட்டைத் தாண்டி ஒரு அடி வெச்சிருந்தா எனக்குத் தெரியாம இருக்காது."

"உன் கேட்டு வழியா ஆனை போனாலும் சல்யூட் அடிச்சு அனுப்பிட்டு, எலியான்னு கேப்பே," என்றான் ரேடியோ. எரிச்சல் அவனுக்கு. "மத்தியானம் நாங்க வந்தப்போ நாற்காலில சாஞ்சு குறட்டை விட்டது யாரு?"

"மத்தியானம் வேற சார். காலைல நான் கண்ணு இமைக்க மாட்டேன்."

"ரேடியோ, சத்தத்தைக் கொற," என்றாள் அக்கா. வாட்ச்மேனின் மூச்சைக் கேட்பது போல ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றாள். "இவர் சொல்றது நெசம். டாக்டர், உங்க போன்ல விளக்கெல்லாம் வரிசையா இருக்கும்ல? எத்தனை?"

"பதினொண்ணு."

"ரேடியோ, வீட்ல எண்ணு."

அவன் ஓடினான். கூடத்தில் மூன்று. படுக்கையறையில் இரண்டு. அடுத்த அறையில் இரண்டு. நடையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று. இன்னொரு தடவை எண்ணினான். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான்.

"பத்துதான் அக்கா."

"போன்ல பதினொண்ணாவதோட பேர் என்ன?"

"‘பாத்ரூம் ரெண்டு’ன்னு இருக்கு."

"டாக்டர், இந்த வீட்ல எத்தனை பாத்ரூம்?"

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஒண்ணுதான். போன மாசம் அப்பா ஒரு பல்பு மிச்சம் இருந்ததுன்னு அவரே மாட்டினாரு. பாத்ரூம்லயே ரெண்டாவது ஒண்ணு போட்டிருக்காருன்னு நெனச்சுட்டேன். நான்... இங்க வந்து ஒன்பது வாரம் ஆச்சு மேடம்."

"அது எரியுதா இப்போ?"

"எரியுது. ஆனா அது ரிப்பேர்."

அக்காவின் தலை திரும்பிய வேகத்தில் ரேடியோ ஒரு அடி பின்னால் போனான்.

"யார் சொன்னா ரிப்பேர்னு?"

"நேத்திலேர்ந்து ஓயாம மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. பல்பைக் காணோம், பல்பு வந்துடுச்சு. காணோம், வந்துடுச்சு. நோயாளி வாயில மெஷினை வெச்சிருக்கும்போது பையில இது துடிச்சுட்டே இருக்கு. லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சு அதை மட்டும் ம்யூட் பண்ணிட்டேன்."

கூடத்துத் திரை தானாக மூடிக்கொள்ளும் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்டது. அதற்கும் மணியாகியிருந்தது.

"அந்த மெசேஜையெல்லாம் எடுங்க," என்றாள் அக்கா. "முதல்லேர்ந்து. நேரத்தோட படிங்க."

"நேத்துக் காலைல பத்து பதினாலு. காணோம். வந்துச்சு. காணோம். வந்துச்சு. காணோம்... பத்து பதினஞ்சு, வந்துச்சு. மறுபடி பத்து பதினாறு. காணோம், வந்துச்சு, காணோம், வந்துச்சு, காணோம்..." அவள் விரல் திரையில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது. வரி முடியவில்லை. "பதினொண்ணு, பன்னெண்டு, ரெண்டு, ராத்திரி பூரா... ஐயோ, எவ்வளவு!"

ரேடியோ தன்னை அறியாமல் மேடையில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று ஒன்று. சட்டென்று இன்னொன்று. அப்புறம் நீளமாக ஒன்று.

"டக். டக். டாஆஆக்," என்றான். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு அக்கா. லூஸ் கனெக்‌ஷனுக்குத் தாளம் தெரியுமா?"

பல் டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அப்பாவோட விசில்," என்றாள். "எங்க பழைய வீட்டுக்குப் பின்னாடிதான் தண்டவாளம். வண்டி ஊருக்குள்ள வந்தா ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. வந்துட்டேன், சோறு போடுன்னு அர்த்தம். அம்மா உலையை இறக்குவா. நான் தட்டை எடுத்து வெப்பேன்." நெற்றியில் அறைந்துகொண்டாள். "சுவிட்சை அணைச்சா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும். நான்தானே திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்தேன்! நேத்திலேர்ந்து என்னைக் கூப்பிட்டிருக்காரு. நான் அவர் வாயைப் பொத்திட்டேன்."

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். கடைசி மெசேஜ் எப்போ?"

"இன்னிக்கு... ஒண்ணு இருபது."

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். மூன்றரை மணி நேரமாக அந்தப் பக்கம் அசைவு இல்லை.

"போனைக் குடுங்க," என்றாள் அக்கா. "இதுலேர்ந்து அந்த விளக்கை அணைச்சு அணைச்சுப் போடலாம்ல? ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நீங்க போடுங்க. உங்க கைதான் அவருக்குத் தெரியும்."

அவள் போட்டாள். அணைத்தாள், ஏற்றினாள். அணைத்தாள், ஏற்றினாள். அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணி ஏற்றினாள்.

காத்திருந்தார்கள்.

ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை."

ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் வாசலில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தான். ரேடியோ போனையே பார்த்தான். பார்த்தால் மட்டும் வந்துவிடுமா என்ன? ஆனாலும் கண்ணை எடுக்கத் தைரியமில்லை.

"இன்னொரு தடவை," என்றாள் அக்கா. குரல் மாறவேயில்லை. எத்தனையோ பேரின் பிரசவமும் சாவும் அந்தக் குரல் வழியாகப் போயிருக்கிறது. "எதிர்முனை எடுக்கற வரைக்கும் மணி அடிக்கணும். அதான் வேலை."

நாலாவது தடவை முடிந்து ஒரு நிமிஷம் கழித்து, திரையில் ஒரே ஒரு வரி விழுந்தது.

‘பாத்ரூம் 2: காணோம்.’

கொஞ்ச நேரம். உயிர் போய் உயிர் வந்தது.

‘பாத்ரூம் 2: வந்துவிட்டது.’

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "லைன்ல ஆள் இருக்காரு," என்றாள்.

"எங்க அக்கா? எங்க?" ரேடியோ கத்தியேவிட்டான்.

"எங்கன்னா? இந்த விளக்கு பேசறது எது வழியா? இதோ மூலைல மினுக்கிட்டிருக்கே, இந்த வைஃபை டப்பா வழியா. இது என்ன கடல் தாண்டியா எட்டும்? இந்தச் சுவரைத் தாண்டி நாலு சுவர். டாக்டர், அந்த விளக்குக்கு சிக்னல் எவ்வளவு காட்டுது?"

"ஒரே ஒரு கோடு."

"இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்காரு. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

"இருபத்துநாலு வீடு இருக்குங்கம்மா," என்றான் வாட்ச்மேன். "பாதி பேர் வேலைக்குப் போயிருப்பாங்க. பூட்டியிருக்கும். ஒவ்வொண்ணாத் தட்டினா எட்டு மணி ஆயிடும்."

"எட்டு மணி நம்மகிட்ட இல்ல." அக்கா போனைப் பார்த்தாள். "இந்த விளக்கு கலர் மாறுமா?"

"மாறும். எந்தக் கலர் வேணும்னாலும்."

"சிவப்பு போடுங்க. நல்ல ரத்தச் சிவப்பு. ரேடியோ, கீழ ஓடு. கட்டடத்தை ஒரு சுத்து சுத்து. ஜன்னல், வெண்டிலேட்டர், ஓட்டை ஒடசல் ஒண்ணு விடாதே. வெள்ளை விளக்கு ஆயிரம் எரியும். சிவப்பு ஒண்ணுதான் எரியும்."

படியை இரண்டிரண்டாகத் தாண்டினான் ரேடியோ. வெளியே வானம் மூடிக்கொண்டு, மழைக்கு முந்தின மங்கல். நல்லதாகப் போயிற்று. முன்பக்கம் பார்த்தான். வெள்ளை, மஞ்சள், நீலத்தில் ஒரு டிவி. இடப்பக்கம். ஒன்றுமில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டது. மூன்றாம் மாடியில் சிவப்பாக ஏதோ தெரிந்து தூக்கிவாரிப் போட்டது. கொடியில் காய்கிற போர்வை.

பின்பக்கம் வந்தான். குப்பைத் தொட்டிகள். உடைந்த நாற்காலி. சைக்கிள் ஒன்று. மேலே பார்த்தான், ஜன்னல் எல்லாம் இருட்டு. மறுபடி முன்பக்கம் ஓடத் திரும்பியவன் குப்பைத் தொட்டியில் இடறி முட்டி தேயக் கீழே விழுந்தான்.

விழுந்ததுதான் நல்லது. நின்றிருந்தால் அது தெரிந்திருக்காது.

தொட்டிக்குப் பின்னால், தரையோடு தரையாக, ஒரு சாண் உயரத்தில் கம்பி போட்ட ஓட்டை. அதன் உள்ளிருந்து, அடுப்புத் தணல் மாதிரி, மங்கலாக ஒரு சிவப்பு.

"அக்கா!" என்று போனில் அலறினான். "கீழ! தரைக்குக் கீழ! இது என்ன ரூம்? இந்த வாட்ச்மேனை அனுப்புங்க! சாவியோட அனுப்புங்க!"

கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தான். உள்ளே ‘உய்ங்’ என்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. உள்ளே இருந்து ஒரு மனிதர் இரண்டு நாள் கத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

வாட்ச்மேன் வந்தபோது அவன் கையில் சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது.

"இது மோட்டார் ரூம் சார். தண்ணித் தொட்டி ரொம்பினா தானா நிக்கற மோட்டார் வெச்சதுலேர்ந்து யாரும் உள்ள போறதில்ல. முன்னெல்லாம் நான் தினம் ரெண்டு தடவை போவேன். நேத்துக் காலைல பாத்தா தாழ்ப்பாள் திறந்து கிடந்துச்சு. ப்ளம்பர் விட்டுட்டுப் போயிட்டான்னு எட்டிப் பாத்தேன், யாரையும் காணோம். பூட்டுப் போட்டுட்டேன்." கொத்தில் சாவியைத் தேடினான். "பத்து மணி இருக்கும் சார். நான்தான் பூட்டினேன். என் கையாலதான் பூட்டினேன்."

"பூட்டின கையால திற!" என்றான் ரேடியோ.

இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. ஐந்தாறு படி கீழே. அறை முழுக்கச் சிவப்பு. மோட்டாருக்குப் பின்னால், தூணின் மறைவில், ஒரு மர நாற்காலி. வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாத இடம். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், சுவிட்சுக்கு நேர் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். ஒரு கை இன்னும் சுவரில் மேல்நோக்கி நீண்டிருந்தது. பக்கத்துக் குழாயை லேசாகத் திறந்துவிட்டிருந்தார். அதில் சொட்டுகிற தண்ணீரால்தான் அதுவரை உயிர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ரேடியோ மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. வேக வேகமாக, வறண்டு வந்தது.

பல் டாக்டர் படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினாள். "அப்பா! அப்பா, என்னைப் பாருங்க! ஆம்புலன்ஸ் வருதுப்பா! மருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். அவங்க சர்க்கரை பாத்துட்டுப் போடுவாங்க. இதோ ரெண்டு நிமிஷம்!" கையில் ஊசி டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், அது குழந்தை மாதிரி.

அவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்க்கவில்லை. மேலே விளக்கைப் பார்த்தார்.

"சிவப்பு விழுந்துச்சு," என்றார். குரல் காய்ந்த சருகு. "அதான் நின்னேன்."

"எதுக்குப்பா இங்க வந்து உக்காந்தீங்க? இந்தப் பாழும் குழியில?"

"மோட்டார்..." என்றார். "கண்ணை மூடிக் கேளு. என்ஜின் ஓடற மாதிரியே இருக்கும். தினம் காலைல ஒரு மணி நேரம். மேல உக்காந்தா நீ பாக்கறே. இங்க நான் டிரைவர்."

மகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூப்பிட்டீங்கப்பா. நேத்திலேர்ந்து கூப்பிட்டீங்க. எனக்கு வந்துச்சு. எல்லாம் வந்துச்சு. நான்தான் சத்தத்தை அணைச்சுட்டேன். தொந்தரவுன்னு நெனச்சு அணைச்சுட்டேன்பா."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து தொப்பியில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். ரேடியோ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வேடிக்கை வார்த்தை, எங்கேயாவது கிடைக்காதா என்று தேடினான். கிடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் என்ஜின் டிரைவர். அவர் கை சுவரை விட்டு இறங்கி மகளின் தலைமேல் விழுந்தது. "ஸ்டேஷன்ல ஏதோ வேலையா இருக்காங்க. லைன் குடுக்க லேட்டாகும். எத்தனை தடவை அவுட்டர் சிக்னல்ல நின்னிருக்கேன் நான்."

வெளியே ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது. ஸ்ட்ரெச்சருடன் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் விரலில் குத்தி ரத்தம் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான், மற்றவனிடம் வேகமாக ஏதோ சொன்னான். கையில் சலைன் குழாய் ஏற்றினார்கள். "சரியான நேரம். இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் போயிருந்தா சொல்றதுக்கில்ல," என்றான் முதலாமவன். அவரைத் தூக்கிக் கிடத்தி வாரைக் கட்டினார்கள்.

தூக்கப்போன நேரத்தில் அவர் கையை உயர்த்தினார். நில் என்பது போல. கண் விளக்கிலேயே இருந்தது.

"என்னப்பா? என்ன வேணும்?"

அக்காதான் படியின் மேலிருந்து சொன்னாள்.

"டாக்டர், சிவப்பு எரியும்போது அவர் எப்படிப் புறப்படுவாரு?"

பல் டாக்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை சரியாகப் பட்டது.

சுவர், மோட்டார், தூண், குழாய், தொப்பிக்குள் அழுகிற வாட்ச்மேன், வாயை மூடிக்கொண்டு நிற்கிற ரேடியோ என்று அறை மொத்தமும் ஒரே நொடியில் பச்சையானது.

அவர் கையை இறக்கினார்.

"ம்," என்றார். "போலாம்."